நீ திரும்பிப் பார்த்தாய், எட்வின்

என் அருமைத் தம்பி எட்வினுக்கு,

'அருமை' என்ற சொல் கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். நீ செத்து ஓராண்டு ஆகப்போகிறது, உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. ஆறுதலாக ஏதாவது எழுதியிருப்பேன் என்று நம்பி இதைப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

ஊரில் உன் பெயரில் கூடைப்பந்துக் கோப்பைப் போட்டி வைத்திருக்கிறார்கள். பழைய பேருந்து நிலையத்திலிருந்து துறைமுகச் சாலை வரைக்கும் ஃப்ளெக்ஸில் உன் முகம்தான். அந்த மாநில அணி பனியனில், பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிற படம். கீழே பெரிய எழுத்தில், 'சதியால் சாய்ந்த சிங்கம்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சதியைச் செய்தது யார் என்று ஊருக்கே தெரியும். நான்தான். காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் போகும்போது உன் முகத்துக்குக் கீழேயே சிக்னலில் நிற்கிறேன். உனக்கு அது பிடித்திருக்கும், இல்லையா?

உன் ஆட்டத்தைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சிமென்ட் தளத்தில் நாம் இரண்டு பேரும்தான் ஆடத் தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்பிலேயே நீ அப்பாவைவிட உயரம். இடது கையால் நீ பந்தை எடுத்துப் போகும்போது எதிரில் நிற்கிறவன் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்பான். பார்க்காமலே பந்து போடுவாய், அது போய்ச் சேர வேண்டிய கையில் போய்ச் சேரும். நான் விளையாட்டு ஆசிரியை ஆகி, நடுவர் தேர்வு எழுதி, ஆண்கள் ஆட்டத்துக்கும் விசில் ஊத ஆரம்பித்து எத்தனையோ பேர் ஆடப் பார்த்துவிட்டேன். உன்னைப் போல ஒருவனைப் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு கோபம். திறமை இல்லாதவன் கெட்டுப்போனால் யார் கவலைப்படப் போகிறார்கள்?

சென்னையில் வங்கி அணியில் உன்னை எடுத்து, அடுத்ததாக இந்திய அணி முகாமுக்கும் கூப்பிட்டபோது அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக் குமாஸ்தா மகன் இந்திய அணி முகாமுக்குப் போகிறான் என்றால் சும்மாவா? முகாமில் பத்து நாள்கூட நீ தங்கவில்லை. தாமதமாக வந்ததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்ன பயிற்சியாளரின் மேல் பந்தை எறிந்துவிட்டு வந்தாய். அதை இங்கே சுயமரியாதை என்றார்கள். பிறகு வங்கி அணியில் உன்னை ஆட்டத்தின் நடுவில் மாற்றினார்கள் என்பதற்காகப் பனியனைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே போனாய். அதை ரோஷம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய் யாராவது ஓர் அதிகாரி முன்னால் கைகட்டி நின்றது அப்பா. அவர் போய்க் கெஞ்சியதற்கு என்ன பெயர் என்று யாரும் சொல்லவில்லை.

இருந்தும் உனக்கு இன்னொரு கதவு திறந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களெல்லாம் வந்து ஆடுகிற புதிய தொழில்முறை லீக்கில் ஓர் அணி உன்னை எடுத்தது. முகாமுக்குப் போகும் முன்னால் ஊருக்கு வந்தாய். கோடைப் போட்டியில் நம் கிளப்புக்கு ஓர் ஆட்டம் ஆடித் தருகிறேன் என்றாய். உன் ஆட்டங்களுக்கு என்னை நடுவராகப் போடுவதில்லை. அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை. கிளப் செயலாளர் ஸ்டீபன் அண்ணாச்சி என்னிடம் வந்து, "டீச்சர், கூட்டம் உக்காந்துட்டு. நீங்களே ஊதிருங்க" என்றார். இரண்டு அணிகளும் சம்மதித்தன. நீயும்தான் சம்மதித்தாய். "எக்கா, எனக்கு ஃபவுல் குடுத்திராத என்ன" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

எதிரணி, கல்லூரிப் பையன்கள். உன்னைத் தடுக்க நிறுத்தியது, நம் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டை முருகேசனை. ஒல்லியாக இருந்தான், கை மட்டும் நீளம். முதல் பாதியிலேயே உன் கையிலிருந்து இரண்டு தடவை பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான். கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. உன் ஊர்க் கூட்டம், உன் முன்னாலேயே. உன் தாடை இறுகுவதைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தாடை அது.

மூன்றாவது பகுதியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு நீங்கள் இரண்டு பேரும் எழும்பினீர்கள். பந்து உனக்குத்தான் கிடைத்தது. கால் தரையில் பட்டது. நான் வளையத்துக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே நின்றேன். என் கண்ணுக்கும் உன் முகத்துக்கும் நடுவில் யாருமில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று நீ திரும்பிப் பார்த்தாய். அவன் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தாய். அதற்குப் பிறகுதான் உன் முழங்கை போனது.

அவன் கத்தவில்லை. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தான். நான் விசில் ஊதி உன்னை ஆட்டத்தைவிட்டே வெளியேற்றினேன். நீ என் முகத்துக்கு நேராக வந்து நின்று, அத்தனை பேர் முன்னால், "ஏளா, யாருக்கு ஊதுத? ஒனக்குக் கண்ணு தெரியலயா?" என்றாய். அக்கா என்ற சொல் அன்றோடு உன் வாயிலிருந்து போயிற்று.

முருகேசனை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவன். ஒற்றைக் கண்ணோடு யார் எடுப்பார்கள்?

நடுவர் அறிக்கை எழுத வேண்டியது என் வேலை. அதை எழுதி முடிக்கும் முன்பே நம் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. ஸ்டீபன் அண்ணாச்சி நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரீபவுண்டுல முழங்கை படுறது சகஜம்தான டீச்சர். தற்செயலுன்னு ஒரு வார்த்த எழுதிருங்க. பையன் லீக்குக்குப் போற நேரம்."

"தற்செயல் இல்ல அண்ணாச்சி. அவன் திரும்பிப் பாத்தான்."

"பாத்தத நீங்க ஒருத்தர்தான பாத்தீங்க."

அப்பா அழுதார். "அவன் வாழ்க்க போயிரும்ளா" என்றார். அந்தப் பையனின் வாழ்க்கை எங்கே போனது என்று நான் கேட்டேன். அம்மா மட்டும் சமையலறை வாசலில் நின்றபடி, "எம்புள்ள அப்படிச் செய்யமாட்டான். நீ பாத்தது தப்பு" என்றாள். நான் பார்த்ததை எழுதினேன். கூடைப்பந்துச் சங்கம் உனக்குத் தடை போட்டது. லீக் அணி உன் பெயரை எடுத்துவிட்டது.

தடை ஒரு வருடம்தான், எட்வின். அதை யாரும் ஃப்ளெக்ஸில் போடவில்லை. ஒரு வருடம் கழித்து உன்னைத் திரும்ப ஆடக் கூப்பிட்டார்கள். நீ தொப்பையும் தாடியுமாகப் போய் நின்றாய். இரண்டு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. பிறகு அப்பாவின் அலுவலகத்திலேயே ஒரு மேசை. கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிற வேலை. சாயங்காலம் ஆனால் டாஸ்மாக். அங்கே உட்கார்ந்து, எங்க அக்கா என்னை அழித்துவிட்டாள் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வாய். அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். நான் உன்னை அழித்தேனா? சொல்லு. உன் கையில் கண்ணாடித் தம்ளரை நானா கொடுத்தேன்?

அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். அப்பா அடக்கத்தன்றுகூட நீ எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாய்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி. கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, இரும்புக் கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு கிடந்தாய். அவர்களிடம் உன் உயரத்துக்குக் கட்டில் இல்லை. பார்வையாளர் நேரத்தில், வெயில் ஜன்னல் வழியே உன் காலில் விழுந்துகொண்டிருந்தபோது நான் வந்தேன். அம்மா கீழே டீ வாங்கப் போயிருந்தாள்.

"என்னப் பாக்க வந்தியா, இல்ல எங்கிட்ட என்னமும் கேக்க வந்தியா?" என்றாய்.

"ரெண்டுக்கும்தான்."

நீ மின்விசிறியைப் பார்த்தாய். பிறகு, "பாத்தேன்க்கா. அவன் எங்கன நிக்கான்னு பாத்துதான் அடிச்சேன்" என்றாய். எத்தனையோ வருடம் கழித்து அக்கா என்றாய், அதையும் இதற்காகவா சொல்ல வேண்டும்? "அம்மாட்ட சொல்லிராத" என்றாய்.

வருத்தமாக இருக்கிறது என்று சொல்வாய் எனக் காத்திருந்தேன். முருகேசன் எப்படியிருக்கிறான் என்று கேட்பாய் எனக் காத்திருந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் உனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அதை நீ கவனித்தாயா, தெரியவில்லை.

உன் அடக்கத்துக்கு முருகேசன் வந்திருந்தான். உனக்குத் தெரிந்திருக்காது. காம்பவுண்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றான். இப்போது புதுக்கோட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண்பிள்ளைகள். நான்தான் போய்ப் பேசினேன்.

"அண்ணன் ஆட்டத்தப் பாத்துதான் டீச்சர் நான் பந்தையே தொட்டேன்" என்றான். "அவர மார்க் பண்ணச் சொன்ன அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, சந்தோசத்துல. அதுக்கப்புறம் ஹார்பர் கேட்ல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். என்னக் கண்டா அந்தப் பக்கமா திரும்பிப் போயிருவாரு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அவன் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கோப்பையின் தொடக்க விழாவில் குடும்பத்தின் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்த பேசிட்டு எறங்கிருங்க டீச்சர். பழசக் கிண்டாதீங்க" என்றார் ஸ்டீபன் அண்ணாச்சி. அவருக்கு வயதாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் முந்தின நாளே புதுக்கோட்டைக்குப் போய் முருகேசனிடம் கேட்டிருந்தேன், மேடையில் சொல்லட்டுமா என்று. அவன் கல்லாவில் உட்கார்ந்தபடி கொஞ்சம் யோசித்தான். "சொல்லுங்க, நானும் வாரேன். நான் ஒழுங்கா நிக்கத் தெரியாம முழங்கையில போய் விழுந்தேன்னு பேசினவங்க எல்லாரும் இன்னும் இங்கனதான இருக்காங்க" என்றான்.

சொன்னேன், எட்வின். உன் இடது கையைப் பற்றிச் சொன்னேன். நீ பார்க்காமல் போடுகிற பந்தைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் நீ பார்த்ததைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீயே ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். முருகேசன் பெயரைச் சொல்லி, அதோ அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கையைக் காட்டும்போது மைக் செத்துவிட்டது. யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன், "செத்தவனப் போயி இப்படிப் பேசுதாளே" என்றான். அது எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னான்.

அம்மா முதல் வரிசையில் இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் பிடிக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாள். மைதானத்தின் குறுக்கே, ஆடத் தயாராக நின்ற பையன்களுக்கு நடுவே மெதுவாக நடந்து, முருகேசன் உட்கார்ந்திருந்த படிக்கட்டுக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான்.

"எய்யா, எந்தக் கண்ணு?" என்று கேட்டாள்.

"எடது கண்ணும்மா."

அம்மா அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தொடவில்லை, அழவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "ஆட்டோ புடி" என்றாள்.

நீ இதைப் படித்து, இனி அம்மாவும் மகளும் ஒன்றாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதே. ஆட்டோவில் அவள் சொன்னது இதுதான்: "செத்தவங்கிட்டயும் நீ ஜெயிக்கணும், அப்படித்தானளா?" அவள் சொன்னது உண்மையாக இருக்குமோ? விழா முடிந்த கையோடு இறுதியாட்ட நடுவர் இடத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நீ இன்னும் சிங்கம்தான்.

நேற்றுச் சாயங்காலம் அம்மா திடீரென்று, "புதுக்கோட்டைக்கு எத்தன மணிக்கு பஸ்சு?" என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை அவளைக் கூட்டிப் போகிறேன். முருகேசன் வீட்டில் போய் என்ன சொல்வாள் என்று அவளுக்கே தெரியாது. தாய் என்ற முறையில் அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தராதது. உனக்காக நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். துறைமுக வாசலில் எத்தனையோ தடவை நீயே கேட்டிருக்க வேண்டியது அது. நீ கேட்காமல் போனாய், அது அப்படியே கேட்கப்படாமல்தான் கிடக்கும். என் உயிர் இருக்கிறவரைக்கும் அதை உன் பெயரிலிருந்து யாரும் துடைத்துவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

உன்கூடப் பிறந்தவள்,
ஹெலன் அக்கா