ஆரோன் வந்த நாளின் வேகம்

கர்த்தருக்குள் பிரியமான ஜெனிஷா அம்மணிக்கு, அம்மா எழுதுவது. காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லித்தான் ஜெபத்தை முடிக்கிறோம், நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், இவரோ சிங்காநல்லூர் குளக்கரைக்கு ஸ்கூட்டரில் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்து, நடந்துவிட்டேன் என்கிறார். மழை பிடித்துக்கொண்டது, மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற நம் பட்டறைக் கூரையில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. ஜப்பானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, ராத்திரியில் வெறும் நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

நேரில் சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிறு வீடியோ காலில் நீ, ஆரோன் போட்டுக்கொடுத்த கணக்கை உங்கள் கம்பெனிக் கூட்டத்தில் காட்டப் போவதாகச் சொன்னாய். இவ்வளவு கொஞ்ச ஆட்கள், இவ்வளவு சின்ன இடம், எங்கம்மா ஒரு நாளில் எவ்வளவு செய்கிறார் பாருங்கள் என்று ஜப்பான்காரர்களுக்கே பாடம் எடுக்கப் போகிறேன் என்று சிரித்தாய். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். போனை வைத்த பிறகு சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அதைக் காட்டாதே அம்மணி. அந்தக் கணக்கு பொய். ஆரோன் தம்பி பொய் எழுதவில்லை, அவன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினான். அவனுக்குப் பொய்யைக் காட்டியவள் நான்.

ஆகஸ்டில் நீ உன் சிநேகிதன் ஆரோனை அனுப்பி, ஒரு நாள் முழுக்கக் கூடவே நின்று நம் வேலையை அளந்து பார்ப்பான், எங்கே நேரம் வீணாகிறது என்று சொல்வான் என்றாயே, அவன் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பட்டறைப் பெண்களைக் கூப்பிட்டு, "எம்புள்ள அனுப்பற ஆளு வருதுங்க, நாளைக்கு என்ற மானத்தக் காப்பாத்திக் குடுங்க" என்று சொல்லி வைத்தேன். அளக்க வருகிறவனிடம் உள்ளதைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, விருந்தாளி வருகிறான் என்றுதான் தோன்றியது. மறுநாள் பட்டறை பெண் பார்க்க வருகிற வீடு போல இருந்தது. எல்லாரும் நல்ல சேலை, தலையில் பூ. அடிக்கடி அறுகிற செம்புக் கம்பிச் சுருளை நானே தூக்கி உள்ளே ஒளித்துவிட்டுப் புதுச் சுருளைப் போட்டேன். டீக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை, நம் பட்டறையின் பழைய ஆள் ஆறுச்சாமி அவரவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆரோன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தான், இவர்கள் கை பறந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் நாற்பது மோட்டாருக்கு வைண்டிங் முடிந்திருக்கிறது, மற்ற நாளில் முப்பதைத் தொடுவதே பெரிது. அவன் கம்பி சுற்றி முடித்த தெய்வாத்தாளைப் பார்த்து, தினமும் இந்த வேகம்தானா அக்கா என்று கேட்டான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஆமாங்க தம்பி, எப்பவுமே இப்படித்தானுங்க" என்றேன்.

அவன் சொன்னதில் நல்லதும் இருந்தது, அதை மறைக்கவில்லை. மோட்டாரை இடுப்பில் வைத்துத் தூக்காமல் தள்ளுவண்டியில் நகர்த்தச் சொன்னான், மோட்டார் வைத்துச் சுற்றுகிற ஸ்டாண்டைக் கை உயரத்துக்கு ஏற்றச் சொன்னான், இரண்டும் பெண்களுக்குப் பெரிய நிம்மதி, வேலையும் கொஞ்சம் கூடியது. அந்தக் கொஞ்சத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். நின்றேனா? வாசல் பக்கத்துப் பலகையில் நாற்பது என்று சாக்பீஸால் பெரிதாக எழுதினேன், அந்த எண்ணை நம்பி பம்ப் கம்பெனிக்காரரிடம் புது ஆர்டருக்கு வாக்குக் கொடுத்தேன். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, நான் சொன்ன பொய் எனக்கே நிஜமாகிவிட்டது. முப்பது முடிந்தால், மீதி எங்கே என்று கேட்க ஆரம்பித்தேன். டீ நேரத்தைக் குறைத்தேன். சிரித்துப் பேசினால் முறைத்தேன். உன் அம்மா அப்படி ஆகிவிட்டாள்.

தெய்வாத்தாளை உனக்குத் தெரியும், நீ பிளஸ் டூ படிக்கும்போதே நம்மிடம் வேலைக்கு வந்தவள், உன் பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் தைத்துக் கொடுத்தவள். போன மாதம் அவள் சுற்றிய மோட்டார் ஒன்று சோதனையிலேயே புகைந்துவிட்டது, அவசரத்தில் கம்பி உரசியிருக்கிறது. நான் எல்லார் முன்னாலும், "அன்னைக்கு முடிஞ்சது இன்னைக்கு ஏன் முடியல, வாங்கற சம்பளத்துக்குக் கை வணங்கலையா" என்று கேட்டேன். என் வாய்தான் கேட்டது. அவள் கையிலிருந்ததை முடித்தாள், டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, எப்போதும் போல, போயிட்டு வாரேனுங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை.

ஆறுச்சாமிதான் நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றார். "ஏனுங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, அன்னைக்கு அந்தத் தம்பி முன்னால நீங்க தல குனியக் கூடாதுன்னுதானுங்க அந்தப் புள்ள அந்த ஓட்டம் ஓடுச்சு, ஊட்டுக்குப் போயிக் கை தூக்க முடியாம, ரெண்டு நாளு அது மக தானுங்க தல சீவி உட்டுச்சு" என்றார். எனக்காக ஓடியவளை அந்த ஓட்டத்தைக் காட்டியே அடித்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை, அது ஒரு நாள் கூத்து என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

மன்னிப்புக் கேட்கத்தான் இருகூருக்கு அவள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும், "வாங்கம்மா, ஊட்டுக்குள்ள வாங்க" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். அவளோ, "சின்னம்மணி சௌக்கியமுங்களா, அந்தத் தம்பி நம்மளப் பத்தி நல்லாத்தான எழுதிக் குடுத்தாருங்க" என்று கேட்டாள். இன்னும் என் மானத்தைக் காத்துக்கொண்டிருக்கிறாள். காபி கொடுத்தாள், குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினேன், கம்பி விலையைப் பற்றிப் பேசினேன், சொல்ல வந்ததைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். அத்தனை வெட்கம்.

நேற்று பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பெண்களிடம் நான்தான் அன்று பொய் சொன்னேன் என்று சொன்னேன். "அட உடுங்கம்மா, நாங்கதான் இன்னுங் கொஞ்சம் வெரசாச் செஞ்சிருக்கோணுமுங்க" என்கிறார்கள். தலை நிமிர முடியவில்லை. பம்ப் கம்பெனிக்கும் போன் போட்டு, முப்பதுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டேன், அவர்கள் ஆர்டரைக் குறைத்தாலும் குறைக்கட்டும்.

உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். ஆரோனுக்கும் நானே சொல்கிறேன். இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப அப்பாவிடம்தான் கொடுக்க வேண்டும், அவர் படித்தால் படிக்கட்டும். கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக, உன் கையின் வேலை வாய்க்கட்டும். ஞாயிறு ஆராதனையை விடாதே, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறக்காதே, நீ பாசக்காரி, உடனே தெய்வாத்தாளுக்குப் போன் போட்டு அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்பாய், கேட்காதே. அது நான் கேட்க வேண்டியது. சனிக்கிழமை மறுபடியும் இருகூர் போகிறேன். அவள் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பதற்குள், வாசலில் நின்றே சொல்லிவிட வேண்டும்.

உன்னிடம் முகம் காட்டக் கூசும்,
உன் அம்மா கிளாடிஸ்
சிங்காநல்லூர்