வேறு யார் வாங்குவார்கள், அக்கா?

என் பிரியமுள்ள அக்கா,

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் பொன்மலையில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குத்தான் வருகிறேன். உன் மகன் ரகு காபி கொடுக்கிறான். சர்க்கரை அதிகம். சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.

விமானத்துக்குப் பாகங்கள் செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் நாம் சேர்ந்து வாங்கிய பங்குகளில் உன் பாதி இப்போது அவனுடையது. நம் வழக்கம் அவனுக்குப் பிடிபடவில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கையை நான் அகராதியைப் புரட்டிப் புரட்டி வாசிப்பேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே ஒரு கேள்வி கேட்பாய். பதில் கிடைக்கும்வரை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அப்படி எத்தனை நல்ல பங்குகளைக் கோட்டைவிட்டோம்? அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ இல்லை என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

கடைசியாக நீ கேட்டது, "பெரும்பாதி சரக்கை விமானம் செய்யற கம்பெனி ஒண்ணுதானேடா வாங்குது? அவங்க நிறுத்திட்டா வேற யாரு வாங்குவாங்க?" என்று. ஒரே ஆலையை நம்பியிருந்த அத்தானின் லேத் பட்டறை மூடப்பட்டதைப் பார்த்தவள் வேறென்ன கேட்பாய்? நான் பதில் கொண்டுவருவதற்குள் போய்விட்டாய்.

ரகுவுக்குப் பொறுமையில்லை.

"மாமா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வளர்ச்சி? மொத்தத்தையும் வித்துட்டு பேங்க்ல போட்டுடுவோம்."

"உங்கம்மா கேட்டதுக்குப் பதில் வரட்டும்."

"அம்மாவே போயாச்சு மாமா."

"கேள்வி இருக்கில்ல?"

பங்குதாரர் கூட்டம் இப்போது வீடியோவில் நடக்கிறது. அதில் பேச முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தேன். ரகு செல்போனைப் பிடித்துக்கொள்ள, உன் கேள்வியைத் தமிழிலேயே கேட்டேன். கம்பெனித் தலைவரும் தமிழிலேயே சொன்னார். "ஐயா, ஒரு பாகத்தைச் சோதிச்சு ஒப்புதல் தர்றதுக்கே வருஷக்கணக்கா ஆகும். அதனால எங்களைச் சட்டுனு மாத்த முடியாது. இன்னொரு விமானக் கம்பெனியும் எங்க பாகங்களைச் சோதிச்சுக்கிட்டு இருக்காங்க. முடிவு இன்னும் வரலை."

ரகுவின் முகமே மாறிவிட்டது. "மாத்தவே முடியாதாமே. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா மாமா?"

"வேண்டாம். இவங்களை மாத்த முடியாது, சரி. வாங்கறவங்களுக்கே விமானம் விக்கலைன்னா?"

ரகு சிரித்தான். "அப்படியே அம்மா பேசற மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. காலமெல்லாம் வாங்கலாம் என்று உன்னோடு மல்லுக்கு நின்றவன் நான். எதிரே நீ இல்லாததால் உன் பக்கத்துக்கு வந்துவிட்டேனா? அல்லது நீ இருந்திருந்தால், தலைவரின் பதிலைக் கேட்டு இந்த ஒரு முறை வாங்கச் சொல்லியிருப்பாயோ? அதைத்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இப்போதைக்கு விற்கவில்லை, வாங்கவுமில்லை. அந்த இரண்டாவது கம்பெனியின் முடிவு வரட்டும் என்று ரகுவும் ஒப்புக்கொண்டான். அடுத்த கூட்டத்தில் அவனே கேட்கப்போகிறானாம். என்ன கேட்பான் என்று பார்க்க வேண்டும்.

பதில் எதுவானாலும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் பங்குகளில் கை வைப்பேன். இது சத்தியம். ஆனால், வேண்டாம் என்று சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

இன்னும் உன்னோடு ஒத்துப்போகாத,
உன் தம்பி