கப்பித் தொட்டியில் விரால்

என்னங்க,

நான் கிளியனூர் டூட்டிக்குக் கிளம்புகிறேன். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. மகிழினி ஸ்கூல்விட்டு வந்ததும் குழம்பைச் சுடவைத்துக் கொடுங்கள்.

சின்னத் தொட்டிக்குக் கப்பி மீனே போதும் என்று சொன்னேன். "குட்டி விராலுதானே, அதுவும் ஒண்ணா சுத்திக்கினு இருக்கும்" என்று ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது நீங்கள்தான். காலையில் பார்த்தால் ஒரு கப்பிகூட இல்லை. விரால் மட்டும் வயிறு உப்பி நிற்கிறது. அவள் பார்க்காதபடி துண்டு போட்டு மூடியிருக்கிறேன்.

வேறு கப்பி வாங்கித் தொட்டியில் விட்டு ஏமாற்ற வேண்டாம். விரால் தின்றுவிட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

சங்கவி

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: "ஊருக்குப் போயிருக்குது கண்ணு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அண்ணன் இறந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். இன்றைக்கும் புல்லட் சத்தம் கேட்டால், பெரியப்பா வந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடுகிறாள்.