பாறைக்குழிக்கு ஒரு பொறுப்பாளர்

ஜூன் 11, 2024

இன்றும் பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். தண்ணீர் மாசைக் கட்டுப்படுத்தும் அலுவலகத்தில் நான் உதவிப் பொறியாளர். இதுவரை எதைக் கட்டுப்படுத்தினாய் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மத்தியானம் தெய்வாத்தாள் அக்கா தோட்டத்துக்குப் போனேன். அவர்தான் புகார் கொடுத்தவர். தோட்டத்துக்கு மேல் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி. கல்லெடுத்த கம்பெனியே இப்போது இல்லை. அந்தப் பாறைக்குழியில் சாயக்கழிவை லாரி லாரியாகக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது; தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். மழை பெய்தால் குழி நிரம்பி, ஓடை வழியாக இறங்கி, ஐந்து குடும்பங்களின் கிணறுகளைக் கெடுக்கிறது. கிணற்றில் எட்டிப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம்.

"மாடு தாழியில வாய வெச்சுப்போட்டுத் திரும்பிக்குதுங்க அம்மணி. அதுக்கே தெரியுது" என்றார் அக்கா. எனக்குக் கேன் தண்ணீர் ஊற்றி மோர் கலக்கிக் கொடுத்தார்.

ஜூன் 27

குழி யாருடையது?

கனிம அலுவலகத்தில் கேட்டேன்: குத்தகை முடிந்துவிட்டது, எங்களுக்குச் சம்பந்தமில்லை. ஊராட்சியில்: அது புறம்போக்கு. தாலுகாவில்: கழிவு என்றால் உங்கள் வேலைதானே அம்மா? எங்கள் அலுவலகத்திலோ, பொறுப்பாளர் இல்லாத இடத்துக்கு நோட்டீஸை யார் பேருக்கு அனுப்புவது என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். இதற்கு நான்கு நாள் அலைந்தேன். வெயில் வேறு.

ஜூலை 18

வழி இருக்கிறது. சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தொட்டிகளில் தெளியவைத்து, நாணல் பாத்தியில் ஓடவிட்டு ஓடைக்கு அனுப்பலாம். நிறம் போகும், நாற்றம் போகும், விஷ உலோகமும் பெரும்பாலும் போய்விடும். உப்பு மட்டும் போகாது. அதை எடுக்கும் இயந்திரம் பெரிய ஆலைகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஐந்து குடும்பமும் சம்மதம். ஆனால் அனுமதிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் வேண்டும். அங்கே ஆரம்பித்தது இந்த ஊர் மரியாதை. "நீங்க போடுங்க." "ஐயோ, நீங்க பெரியவங்க இருக்கறப்ப நானுங்களா?" விருந்தில் முதல் பந்திக்கு உட்காரவே ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளுகிற மனிதர்கள். தொட்டி அமைவது அக்கா நிலத்தில் என்பதால் கடைசியில் அவர் பெயரே நின்றது.

"ஏனுங்க அம்மணி, இதுல வில்லங்கம் ஒண்ணுமில்லீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அக்டோபர் 18

அனுமதி வந்து தொட்டிகளும் கட்டியாயிற்று. இரண்டு நாளாக நல்ல மழை. குழியிலிருந்து வருவது முழுவதும் தொட்டிகள் வழியாகவே போகிறது. ஓடையில் வெறும் தண்ணீர் நிறத்தில் தண்ணீர்! மாடுகள் குடிக்கின்றன. சந்தோஷமாக இருக்கிறது. வேறென்ன எழுதுவது?

டிசம்பர் 9

அனுமதி வாங்கிய இடம் என்றால் வெளியேறும் தண்ணீரில் மாதிரி எடுத்துச் சோதித்தாக வேண்டும். எடுத்தோம். மற்றதெல்லாம் அளவுக்குள். உப்பு அளவைத் தாண்டிவிட்டது. தாண்டும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் — இவ்வளவு நல்லது நடந்த இடத்தில் அதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்று நினைத்தேன். என்ன தைரியத்தில் நினைத்தேன்?

எங்கள் மேலதிகாரி வெங்கடபதி சார் தாளைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "நோட்டீஸ் ரெடி பண்ணுங்க ஃபஹீமா."

"சார், உப்பு முன்னயும் இதே அளவுதானுங்களே இருந்துச்சு? மத்ததெல்லாம் போயிருச்சுங்களே."

"முன்ன அது தானா வழிஞ்சுது. இப்ப அந்தம்மா வெளியேத்தறாங்க. தானா வழிஞ்சா கேக்க ஆளில்லை. வெளியேத்துனா ஆள் இருக்குதுங்களே."

அவரைத் திட்டவும் முடியவில்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஊரான் கொட்டிய விஷத்தை முக்கால்வாசி எடுத்தவள் மீதிக் காலுக்குக் குற்றவாளி. கொட்டியவன் எங்கேயோ கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

டிசம்பர் 13

பிறர் கழிவைச் சுத்தம் செய்பவருக்கு விலக்குத் தரலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. விதியில் இடமில்லையாம்.

ஜனவரி 3, 2025

அக்காவுக்கான நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போடாவிட்டால் என்னை எங்காவது மாற்றிவிட்டு, வேறொருத்தியை உட்காரவைத்துப் போடவைப்பார்கள். இதைத்தான் வீட்டிலும் சொன்னேன். ரியாஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேறொருத்தியே போட்டிருந்தா நீ இப்படிச் சாப்பிடாம உக்காந்திருக்க மாட்டியே" என்றார். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார்; பேசினால் இப்படித்தான்.

ஜனவரி 22

விசாரணை. ஐந்து குடும்பத்திலிருந்தும் வந்திருந்தார்கள். விசாரித்த அதிகாரி வெளியூர்க்காரர், கோபக்காரர் அல்ல. "தண்ணீரைத் திறந்துவிட்டது யார்?" என்று கேட்டார்.

யா அல்லாஹ், எல்லோரும் சேர்ந்துதான் என்று ஒருவராவது சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளியவர்கள் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா எழுந்தார். "நாந்தானுங்க விட்டேன். நல்லாத் தெளிய வெச்சுத்தானுங்க விட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லிக்கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டாராம், அந்தப் பெருமை. அதிகாரி முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

பாவி, நான் அப்பவாச்சும் எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? சொல்லல. கையில பேனாவப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

பிப்ரவரி 19

உத்தரவு வந்துவிட்டது. தொட்டிகளை இடிக்க வேண்டும். அக்கா மேல் கோர்ட்டில் வழக்கு. ஜேசிபி வந்தபோது நானும் நின்றேன். இடித்ததைப் பார்த்துச் சான்று எழுத வேண்டியவள் நான்தான். நாணலைப் பிடுங்கத் தேவையில்லை, தானாகக் காய்ந்துவிடும் என்றார் வெங்கடபதி சார்.

மே 20

கோடை மழை. குழி நிரம்பி மறுபடியும் வழிகிறது. மறுபடியும் கத்தரிக்காய் நிறம்.

அக்காவைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார். மாடுகளைக் காணோம். "வித்துப்போட்டனுங்க. வாய்தாவுக்குப் போற நாள்ல ஆரு தண்ணி காட்டறது? மோரு குடுக்கத்தான் வழியில்லீங்க."

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை தட்டினேன். வெளியேற்றம் இல்லை. பொறுப்பாளர் இல்லை. விதிமீறல் இல்லை. மூன்றும் உண்மை. வெங்கடபதி சார் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

தாராபுரம் பக்கத்திலிருந்து அர்ஷத் என்று ஒருவர் வந்தார். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு குவாரிக் குழியாம். பல்லடத்தில் தொட்டி கட்டித் தண்ணீரைத் தெளியவைத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடித்ததைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"சுண்ணாம்பு, ஆளு எல்லாம் நாங்களே பாத்துக்கறமுங்க. நீங்க எப்படின்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

எப்படி என்று எனக்குத் தெரியும். அளவுகூட மனப்பாடம்.

"அதத் தொடாதீங்க" என்றேன்.

"கொழந்தைங்க குடிக்கற தண்ணிங்க மேடம்."

"கேன் வாங்கிக்கங்க."

அவர் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் நகர்த்தி எழுந்து, "சரிங்க மேடம், வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.