கல்லாவுக்கு மேலே இருந்த படங்கள்

1952 ஜூலை 8, செவ்வாய்.

இன்று மச்சினனை அடிக்காமல் வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். நான் கொள்முதலுக்குத் தூத்துக்குடி போயிருந்த சமயத்தில் எங்கள் சாலைக் கடைக்கு வெள்ளையடித்திருக்கிறான். கல்லாவுக்கு மேலே தொங்கிய தம்பி மாணிக்கத்தின் பட்டாளப் படங்கள் இரண்டையும் காணோம். அந்தச் சட்டங்களில் லட்சுமியும் பிள்ளையாரும் இருக்கிறார்கள்.

"படம் எங்கலே?"

"செத்த ஆளுக்க படம் கல்லாவுக்கு மேல இருந்தா ஐசுவரியம் வராதுல்லா அத்தான். சட்டம் நல்ல தேக்கு, அதான் களையல்ல."

"நான் படத்தைக் கேட்டேன்."

"பழைய பேப்பர்காரனுக்க சாக்குல போட்டுட்டேன்."

அந்த ஆளைத் தேடிப் பிடித்தேன். சாக்கு போன வாரமே லாரி ஏறிவிட்டதாம்.

பர்மா சண்டையில் செத்தவனின் உடல்கூட வரவில்லை. வருஷா வருஷம் அந்தப் படங்களுக்கு முன்னால்தான் இலை போட்டோம். வேறு படம் கிடையாது. தம்பி மனைவியிடம் சொன்னபோது, "சிரிச்சிட்டு நிக்குற படமும் போச்சா அத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்குச் சாமிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். வெறும் சட்டம் இரண்டும் கல்லாவில் உட்காரும் மச்சினனின் தலைக்கு மேலேயே தொங்கட்டும். வருகிறவன் எல்லாம் ஏன் என்று கேட்பான். மச்சினனே வாயைத் திறந்து சொல்லட்டும்.