பதினேழு கோடுகள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் உங்கள் செல்ல மகள் வாலுவும் நலம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்க்கும்வரை அடியில் வாளிதான்.

வாலுவை வியாழக்கிழமை ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப்போனேன். சின்ன அறை, தரையில் பாய், ஒரு கூடை நிறைய மர மிருகங்கள். முதலில் பள்ளிக்கூட மொழியில் அவரே அவளோடு விளையாடினார். பிறகு என்னைத் தமிழில் பேசவைத்து வீடியோ எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் வீடியோவைத் திரும்ப ஓடவிட்டு, குழந்தை திக்கும் இடத்திலெல்லாம் மேஜையைத் தட்டச் சொன்னார். நான் நாலு தட்டோடு நிறுத்திக்கொண்டேன். பெற்ற மனசு, கை வரவில்லை. அவர் தாளிலோ பதினேழு கோடுகள். சொல் சிக்கும்போதெல்லாம் அவள் தோளைத் தூக்குகிறாளே, கண்ணை இறுக்குகிறாளே, அதற்கு மொழி எதற்கு என்றார். கையும் களவுமாகப் பிடிபட்டு அசடு வழிந்தேன்.

இரண்டு மொழியில் குழம்பித்தான் திக்குகிறாள், வீட்டில் தமிழை நிறுத்து என்று எழுதியிருந்தீர்கள். அதையும் கேட்டேன். நிறுத்தவே வேண்டாம் என்றார். இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லையாம். இரண்டிலும் ஒரே மாதிரி சிக்குவதால், இது மொழி பழகாத தடுமாற்றம் இல்லை, திக்கல்தான் என்றார். தினமும் பத்து நிமிஷம் அவளோடு விளையாட வேண்டும். நாம்தான் நிதானமாகப் பேச வேண்டும். பாதியில் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது, மெதுவாகச் சொல் என்றும் சொல்லக் கூடாது. என் வாய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? நீங்கள் சிரிப்பது இங்கே தெரிகிறது.

இனி கோபப்படாமல் படியுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்கல் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. முதலில் இல்லை என்று எழுதியிருந்தேன். உங்களை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மேஜை விஷயத்துக்குப் பிறகு வெட்கமாகிவிட்டது. அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'அப்பாவுக்கு' என்று எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாலு, "அப்பா ஏம்மா போன்ல 'ம்' மட்டும் சொல்றாரு? எனக்கு வார்த்தை மாட்டிக்குதுன்னு கோ-கோ-கோவமா?" என்று கேட்டாள். ஐந்து வயசுக் குழந்தை இத்தனை நாளாக இதையா சுமந்துகொண்டிருந்தது? அப்பாவுக்கும் உன்னை மாதிரியேதான் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் பேசத் தயங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிறுத்தம் போகும்வரை யோசித்தாள். பிறகு, "நான் வெயிட் பண்றேன்னு சொல்லும்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனை அவள் கையிலேயே கொடுத்துவிடுவேன், உங்களுக்காக நான் பேச மாட்டேன். 'ம்' வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் சரி, உங்கள் குரலிலேயே பேசுங்கள். நாம் முதன்முதலில் பார்த்தபோது நீங்கள் உங்கள் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நான் எங்கேயும் போய்விடவில்லையே. இவள் என்னைவிடப் பொறுமைசாலி.

காத்திருக்கும் இருவரில் ஒருத்தி,
வாலுவின் அம்மா