என் பங்கு அக்கா கையில்

பிப்ரவரி 12

அம்மாவை டர்லாக் டவுனில் இருக்கிற வக்கீலம்மாவிடம் அழைத்துப்போனேன். அக்கா மார்லீனும் வந்தாள். வீட்டையும் பாதாம் தோப்பையும் டிரஸ்டில் வைக்கிற வேலை. வக்கீலம்மா நிதானமாகச் சொன்னார்: "உங்க காலம் முழுக்க எல்லாம் உங்க கையிலதான் இருக்கும். அப்புறம் கோர்ட்டுக்கு அலையாம ரெண்டு பிள்ளைங்களுக்கும் போயிடும்." பிறகு ஒரு கேள்வி. "இவங்கள்ல யாருக்காவது பங்கை மொத்தமா கையில குடுக்க உங்களுக்குத் தயக்கமா இருக்கா?"

அம்மா உடனே, "என் பிள்ளைங்க ரெண்டும் தங்கம்" என்றாள்.

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். நான் என் பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது எனக்கு.

பிப்ரவரி 13

அக்கா போனில்: "உனக்காக அம்மா வக்கீல்கிட்டயே பொய் சொல்றாங்க, லயனல். நல்லாயிருக்கு." வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16

பம்புக்கு வாஷர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டாட்ட கிளப்புக்குப் போனேன். ஏன் போனேன்? வாஷர் வாங்கவில்லை. திரும்பியபோது அம்மா முட்டைக்கோஸ் சூப்பைச் சூடாக வைத்திருந்தாள். வாஷரைப் பற்றிக் கேட்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 19

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, என் பங்கை அக்கா பொறுப்பில் விட முடியுமா என்று கேட்டேன். "நான் உங்கம்மாவோட வக்கீல். நீங்க சொல்லி ஒரு வரிகூட மாத்த மாட்டேன். அவங்ககிட்ட பேசுங்க."

சரியான பதில்தான். அம்மாவிடம் எந்த முகத்தோடு பேசுவது?

பிப்ரவரி 22

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் பிள்ளைய நம்ப முடியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதும்மா."

"கோவில்ல பொம்பளைங்க உன்னப் பத்திக் குசுகுசுக்கறது போதாதா?"

"என் கைக்கு வந்தா தோப்பு ஒரு வருஷம் தாங்காதும்மா. அப்பா வெச்ச மரம் ஒண்ணு மிஞ்சாது."

அம்மா கோட்டைக் கழற்றி மாட்டினாள். பிறகு, "வாஷர் வாங்கறேன்னு எங்கடா போன?" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"அங்கதாம்மா."

"தெரியும்" என்றாள். தெரிந்தேதான் அந்தச் சூப்பைச் சூடாக வைத்திருந்தாளா?

மார்ச் 5

வக்கீலம்மா அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசினார், யாராவது வற்புறுத்துகிறோமா என்று தெரிந்துகொள்ள. நானும் அக்காவும் வெளியே. "நான் உனக்குக் காவக்காரியாடா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

அழுதுவிட்டாள். அவளைத் தேற்றக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

மார்ச் 19

கையெழுத்து முடிந்தது. டிரஸ்ட் எழுதினால் மட்டும் போதாதாம். நிலப் பத்திரமும் டிரஸ்ட் பேருக்கு மாற வேண்டுமாம். அதிலும் அம்மா கையெழுத்திட்டாள். அம்மாவுக்குப் பிறகு என் பங்கை அக்கா வைத்திருந்து, பார்த்துப் பார்த்துக் கொடுப்பாள். வீட்டில் நான் கடைசிவரை இருக்கலாம். என் பங்கைப் பற்றிய பகுதியை வக்கீலம்மா உரக்க வாசித்தபோது, கையெழுத்துக்குச் சான்று முத்திரை போட வந்த நோட்டரிப் பெண் தலை நிமிரவில்லை. இரக்கம் போல. காது எரிந்தது.

மே 2

பத்திரம் பதிவாகி வந்தது. நான் — எழுதிவிடுகிறேன் — மறுபடியும் கிளப்புக்குப் போனேன். தோற்று எழுந்தபோது, அங்கே வட்டிக்கு விடுகிற வெர்ன் தோளில் கை போட்டான்.

"எதுக்குப்பா எந்திரிக்கிற? தோப்பு உனக்குத்தான வரப்போகுது? அத நம்பி நான் தர்றேன், உக்காரு."

"எனக்கு வராது" என்றேன். "அக்கா கைக்குத்தான் போகும். என்னை நம்பிக் குடுக்காதீங்கன்னு நான்தான் எழுதச் சொன்னேன்."

மேசையில் யாரோ சிரித்தார்கள். வெர்ன் கையை எடுத்துக்கொண்டான்.

முகம் காந்த வெளியே வந்தேன். வெயில் இன்னும் இருந்தது. வண்டியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்து, எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.